புதிய பாட்டுப் புத்தகம்: ஊத்தங்கரை நாட்குறிப்பு

2024 நவம்பர் 22, வெள்ளி
ஆலயத்துக்குப் புதிய பாட்டுப் புத்தகக் கட்டுகள் வந்து இறங்கின. மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலையும், ராகம் தாளத்தோடு பாடும் கீர்த்தனையும் ஒரே தொகுதியில் சேர்ந்திருக்கின்றன. எழுத்து பெரிது, கட்டுமானமும் நன்று. ஆனால் எண்கள் அனைத்தும் மாறிவிட்டன. பாமாலைகளுக்கு மேலே 8,7,8,7 என்று அடிதோறும் வரும் அசைகளின் கணக்கை மறவாமல் அச்சிட்டவர்கள், கீர்த்தனைகளுக்கு மேலே இருந்த ராகத்தையும் தாளத்தையும் எடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 24, ஞாயிறு
கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலமான அட்வெந்தின் முதல் ஞாயிறு தொடங்கிப் புதிய புத்தகமே என்று ஆயர் அறிவித்தார். பின் பெஞ்சில் முணுமுணுப்பு.

நவம்பர் 26, செவ்வாய்
ராகம் இல்லாதது மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. இடம் போதவில்லை என்கிறார்கள்; ஒரு வரிக்கா இடமில்லை? கீர்த்தனைகள் இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சரபோஜி மன்னரின் அவையை அறிந்தவர். அவருடைய பாடல்களை வெறும் சொற்களாக அச்சிட்டுக் கையில் கொடுத்தால், கேட்டுப் பழகிய தலைமுறை இருக்கும்வரை அவை பாட்டாக இருக்கும், அதன்பின் என்ன ஆகும் என்று புத்தகத்தைத் தொகுத்த குழுவினர் ஒருவரேனும் யோசித்திருக்க வேண்டாமா? நம் கீபோர்டு தம்பி எதற்கும் நாலு தட்டு பீட்டைத்தான் போடுகிறான். ரூபக தாளத்தில் நடக்கவேண்டிய சரணம் அதில் சிக்கினால் கடைசிச் சீர் அந்தரத்தில் தொங்குகிறது.

நவம்பர் 28, வியாழன்
பெரியம்மாவுக்கு இரவெல்லாம் இருமல். பாட்டின் முதலடியைச் சொன்னால் பழைய எண்ணைச் சொல்கிறார். பார்வை மங்கிய பிறகும் எண் மங்கவில்லை.

நவம்பர் 29, வெள்ளி
பாடகர் குழுவின் பிரதிகளில் பென்சிலால் ராகமும் தாளமும் எழுதத் தொடங்கினேன். செயலர் பார்த்தார், புதுப் புத்தகத்தில் கிறுக்கலாமா என்றார். பதில் சொல்லாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

டிசம்பர் 1, ஞாயிறு
ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பக்கம் தேடும் சலசலப்பு. முதல் சரணம் முடிந்த பின்பே பாதிப் பேர் சேர்ந்துகொண்டார்கள். பாமாலைகள் பரவாயில்லை, ஆர்கன் இழுத்துச் சென்றுவிட்டது. கீர்த்தனையில்தான் முன் வரிசை ஒரு தாளத்திலும் பின் வரிசை இன்னொன்றிலும் போயின. மாலையிலிருந்து மழை வலுக்கிறது.

டிசம்பர் 2, திங்கள்
ஊர் மூழ்கிவிட்டது. ஒரே நாளில் 50 செ.மீ. மழையாம். சாலையோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. மின்சாரம் இல்லை. பெரியம்மா நலம்.

டிசம்பர் 4, புதன்
ஆலய உள்ளறையில் முழங்கால் அளவு நீர் நின்ற தடம் சுவரில் தெரிகிறது. தரையில் அடுக்கியிருந்த கட்டுகளில் கீழ் வரிசை முழுவதும் போயிற்று. வழவழத்தாள் ஆதலால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பிரித்தால் எழுத்தோடு உரிகின்றன. அலமாரியின் மேல்தட்டில் ஒதுக்கிவைத்த பழைய புத்தகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. செயலர் என்னைப் பார்க்காமல் அவற்றைக் கீழே இறக்கினார்.

டிசம்பர் 8, ஞாயிறு
எண் பலகையில் இரண்டு வரிசை: மேலே புதியது, கீழே பழையது. வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காக ஜெபித்தோம். கீர்த்தனைக்கு முன் நானே தாளம் தட்டிக் காட்டினேன்; சபையார் பிடித்துக்கொண்டார்கள், கீபோர்டு மட்டும் தவறிற்று. பழைய புத்தகத்தில் ஆறு சரணம், புதியதில் நான்கு. பாதிச் சபை அமர்ந்த பின்னும் மீதிச் சபை பாடிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 10, செவ்வாய்
கிறிஸ்துமஸ் கீத பவனிக்கு எந்தப் புத்தகம் என்று இன்னும் முடிவாகவில்லை. ரூபகம் என்றால் எத்தனை எண்ணிக்கை என்று தம்பி தானாகவே வந்து கேட்டான். வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்கு அரைமணி முன்னதாக, கீபோர்டு இல்லாமல் வரச் சொல்லியிருக்கிறேன்.