வடக்குப் பக்கச் சுவர்

தவக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய் மாதாவைப் பார்த்துவிட்டு வருவது அம்மாவின் வழக்கம். இந்த வருஷம் நானும் கூடப் போனேன். பஸ் அரியாங்குப்பம் தாண்டும்வரை அம்மா ஜெபமாலை சொன்னார். நான் கைபேசியில் பைபிளின் ஆமோஸ் தீர்க்கதரிசி புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஆமோஸ் தெக்கோவா ஊர் ஆட்டுக்காரர். திருவிழாவும் பலியுமாகக் களைகட்டிய பெத்தேலை நோக்கி அவர் சொன்னது: பெத்தேலைத் தேடாதீர்கள், கில்காலுக்குப் போகாதீர்கள், பெயேர்செபாவுக்கும் போக வேண்டாம். மூன்றுமே ஜனங்கள் யாத்திரை போன தலங்கள். யாத்திரை போகிற பஸ்ஸில் வாசிக்கிற வசனமா இது! ஆனால் கோபம் தலத்தின் மேல் இல்லை. ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு விற்றுவிட்டு, ஊர்வாசலில் நியாயம் கேட்டு வந்தவனை விரட்டிவிட்டு, எனக்கு எதற்கடா பாட்டு என்று கடவுள் கேட்கிறார்.

ரயில் நிலையத்துக்கு எதிரே இருதய ஆண்டவர் பசிலிக்காவில் ஒரு மெழுகுவர்த்தி, பத்து நிமிஷம். அப்புறம் மிஷன் வீதி. ஜென்மராக்கினி மாதா பேராலயம் என்பது எழுதும் பெயர். ஆட்டோக்காரரிடம் சம்பா கோவில் என்றால் போதும்.

இந்தக் கோவிலைப் பற்றி ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் 1745-ல் எழுதிவைத்திருக்கிறார். அன்றைய கோவிலுக்குள் வடக்குப் பக்கம் ஒரு சுவர். பறையர் கிறிஸ்தவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம், மற்றவர்கள் இந்தப் பக்கம். காரைக்காலிலிருந்து வந்த சாமியார் ஒருவர் தைரியம் சொல்ல, அந்த ஜனங்களே திரண்டு பெரிய சாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, நடுவில் ஏன் சுவர் என்று கேட்டார்கள். அவர் இடிக்கச் சொல்லிவிட்டார்.

இப்போதிருக்கும் கட்டடம் 1791-ல் முடிந்தது. ஆகவே அந்தச் சுவரைத் தேடிப் பயனில்லை. தெரிந்தும் என் கண் வடக்குப் பக்கமே போனது. வரிசையாகப் பெஞ்சுகள், ஒரு மின்விசிறி, தூங்கி வழியும் ஒரு தாத்தா. அவ்வளவுதான்.

பைபிளில் யாக்கோபு தன் கடிதத்தில் இதைத்தான் எழுதினார். பொன் மோதிரம் போட்டு வந்தவரை 'இங்கே வசதியாக உட்காருங்கள்' என்கிறோம், அழுக்குத் துணியில் வந்தவரை 'அங்கே நில், இல்லை என் கால்மாட்டில் உட்கார்' என்கிறோம். யார் எங்கே உட்காருவது என்பதில்தான் அவருக்கு நீதி தொடங்குகிறது. எனக்கு இது பெரிய தத்துவங்களைவிடப் புரிகிறது.

புரிந்ததும் வயிற்றைப் பிசைந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அக்கா எங்கள் பங்குக் கோவிலைச் சேர்ந்தவர்தான். ஞாயிறு பூசையில் ஒரே வரிசையில் நின்று நற்கருணை வாங்குகிறோம். திங்கட்கிழமை அவருக்குக் காபி, கொல்லைப்புற ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கும் விளிம்பு நசுங்கிய டம்ளரில்.

திரும்பும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன்.

“அது அவளே எடுத்துக்கிட்டதுப்பா. நான் ஒண்ணும் சொல்லலை” என்றார் அம்மா.

அன்று ராத்திரி அந்த டம்ளரைக் கழுவி, அலமாரியில் மற்ற டம்ளர்களோடு வைத்தேன். காலையில் பார்க்கிறேன், மறுபடி ஜன்னலில் இருக்கிறது. எடுத்து வைத்தது அம்மாவா, அந்த அக்காவா என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.