மின்சாரம் கொடுத்தால் சுருதி இறங்கும் படலம்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகத் தினமும் கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் போய்வந்துதான் எம்.இ. படித்தேன். என் ப்ராஜெக்ட், மின்சாரம் கொடுத்தால் உருமாறும் மென்மையான பாலிமர் படலத்தை வைத்து அதிர்வை அடக்குவது. டைஎலக்ட்ரிக் எலாஸ்டோமர் என்பார்கள். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். கட்டுரைகளில் சமன்பாடு நிறைய இருக்கிறது, படலம் ஏன் கிழிகிறது என்று யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை.

ரப்பர் பட்டை மின்சாரத்தால் நீளுவதை, பின்னாளில் எக்ஸ்ரே கண்டுபிடித்த ராண்ட்ஜன் 1880-லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார். ஆனால் முன்கூட்டியே இழுத்துக் கட்டிய அக்ரிலிக் படலம் 100 சதவீதத்துக்கு மேலும் விரியும் என்று 2000-இல் பெல்ரைன் என்ற ஆய்வாளரின் குழுவினர் எழுதிய பிறகுதான் பலரும் இந்தப் பக்கம் வந்தார்கள். நானும் அதே படலத்தை, வி.எச்.பி. 4910 என்ற அக்ரிலிக் ஒட்டு டேப்பைத்தான் எடுத்தேன். தடிமன் 1 மி.மீ. இரண்டு திசையிலும் 4 மடங்கு இழுத்தால் 16-இல் ஒரு பங்காகி, 62 மைக்ரானுக்கு வந்துவிடும். இரு பக்கமும் மின்சாரம் கடத்தும் கார்பன் கிரீஸ் தடவி 3 கிலோவோல்ட் கொடுத்தால், கிரீஸ் பூச்சு இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் படலத்தை நசுக்கும். அந்த அழுத்தம் கணக்குப்படி கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தொடும்.

கணக்கு சரி, படலம் நிற்கவேண்டுமே. ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வர ஆரம்பித்ததும் விளிம்பில் நீலப்பொறி அடித்து ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. உலர்ந்த காற்றே மில்லிமீட்டருக்குச் சுமார் 3 கிலோவோல்ட்தான் தாங்கும், படலத்தை இழுத்துக் கட்டிய சட்டத்தின் மேல் ஈரம் படிந்தால் கசிவு இன்னும் சுலபம். கிரீஸை விளிம்புக்கு 10 மி.மீ. முன்பே நிறுத்தியபோதுதான் பொறி நின்றது. இன்னொன்று, ஸ்விட்சை அணைத்தாலும் படலம் ஒரு மின்தேக்கிதான், ரெசிஸ்டர் வழியாக மின்னூட்டத்தை வடித்துவிட்டு அப்புறம்தான் கை வைக்கவேண்டும்.

பொறி நின்ற பிறகும், படலம் எந்த அதிர்வெண்ணில் அதிகம் ஆடுகிறது என்ற அளவீட்டில் ஒரு முகடு வரவேண்டிய இடத்தில் பக்கத்திலேயே இன்னொரு முகடு வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பெருவெம்பு, மிருதங்கமும் செண்டையும் கட்டுகிற ஊர். தெரிந்த பெரியவர் ஒருவரிடம் சட்டத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவர் விளிம்பைச் சுற்றி எட்டு இடத்தில் விரல் நுனியால் தட்டினார், காதை இன்னும் கிட்டக் கொண்டுபோனார், மூன்று இடத்தில் நகத்தால் அடையாளம் போட்டார். "மோனே, இங்கெல்லாம் தொங்குது. நீ சுத்திச் சுத்தி இழுத்திருக்கே. எதிரெதிரா இழு, ராத்திரி அப்படியே விடு, காலையில் மறுபடி பாரு" என்றார். "மாமா, இது தோல் இல்லையே" என்றதற்கு, "இழுத்துக் கட்டினா எல்லாம் தோல்தான்" என்றார். அவர் சொன்னபடி செய்ததும் அந்த இரண்டாவது முகடு போனது. ராத்திரி விடுவதற்கும் காரணம் இருக்கிறது, அக்ரிலிக் மெதுவாகத் தளர்ந்துகொண்டே இருக்கும் பொருள், கட்டிய உடனே அளந்த எண் மறுநாள் இருக்காது.

அடுத்து, 40 ஹெர்ட்ஸில் ஆடும் அலுமினியத் தகட்டுக்கு எதிராகப் படலத்தை ஆட்ட 40 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்தேன். படலம் 80-இல் ஆடியது. இரண்டு வாரம் வயரிங்கைச் சந்தேகப்பட்டேன். விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, பிளஸ்ஸானாலும் மைனஸானாலும் படலம் நசுங்கத்தான் செய்யும், அதனால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை. 2 கிலோவோல்ட் டி.சி. வைத்து அதன் மேல் 400 வோல்ட் அலையை ஏற்றினால் 80 ஹெர்ட்ஸ் விசை 40 ஹெர்ட்ஸ் விசையில் 20-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதையும் செய்தேன். ஆனாலும் அக்ரிலிக்கின் பிசுபிசுப்பால் படலம் கட்டளைக்குப் பின்தங்கியது. எதிர் அதிர்வு நேரம் தப்பி வந்தால் அடக்குவதற்குப் பதில் கூட்டிவிடும்.

அங்கேதான் என் எண்ணம் மாறியது. படலத்தைத் தள்ளச் சொல்லவே வேண்டாம், அதன் சுருதியைத் தகட்டின் அதிர்வோடு பொருத்திவிட்டால் தகட்டின் ஆட்டத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். பறையை நெருப்பில் காட்டினால் தோல் இறுகிச் சுருதி ஏறும், இங்கே டி.சி. கொடுத்தால் இழுவிசை குறைந்து சுருதி இறங்கும். படலத்தின் நடுவில் ஒரு சின்ன எடையை ஒட்டி, மின்சாரம் இல்லாதபோது 44 ஹெர்ட்ஸில் ஆடும்படி அமைத்துத் தகட்டின் மேல் ஏற்றினேன். தகட்டில் கொஞ்சம் ராகி தூவி, ஸ்பீக்கரால் 40 ஹெர்ட்ஸில் ஆட்டினேன். மணிகள் துள்ளின. மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினேன். 2.4 கிலோவோல்ட் பக்கம் வந்ததும் ஓர ராகி முதலில் அடங்கியது, அப்புறம் நடுவிலும் அடங்கிவிட்டது. ஸ்பீக்கரை 39-க்கு இறக்கியதும் மறுபடி துள்ளல், இன்னும் கொஞ்சம் ஏற்றியதும் மறுபடி அமைதி. அன்றைக்கு லேபில் நான் மட்டும்தான் இருந்தேன், அந்தத் தகட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரொம்பவும் ஏற்றாதீர்கள். இழுவிசை முழுசாகப் போய்ச் சுருக்கம் விழும், மெலிந்த இடத்தில் மின்புலம் கூடி அது இன்னும் மெலிந்து துளையாகிவிடும்.

அக்ரிலிக் ஆற்றலை நிறையத் தின்பதால் அடங்கல் நான் நினைத்த அளவு ஆழமாக இல்லை. சிலிகானில் அந்த இழப்பு குறைவு, ஆனால் மின்காப்பு மாறிலியும் (அதே மின்னழுத்தத்தில் எவ்வளவு மின்னூட்டம் சேரும் என்பதைச் சொல்லும் எண்) குறைவு, அதே அழுத்தத்துக்கு மின்னழுத்தம் கூடவேண்டும். இப்போது ஒரு சிலிகான் படலத்தைச் சட்டத்தில் எதிரெதிராக இழுத்துக் கட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பெருவெம்புக்கு எடுத்துப் போகவேண்டும், மாமா தட்டிப் பார்க்கட்டும்.