48 வயதில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொன்ன செயலி

எனக்கு 48 வயது. மாதவிலக்கு இரண்டு மாதம் எட்டிப் பார்க்காது. வந்தால் பத்து நாள் விடாமல் படும். நடு ராத்திரியில் கழுத்திலிருந்து குப்பென்று சூடேறி நைட்டி தொப்பலாக நனைந்துவிடும். எழுந்து நான் ஃபேனைக் கூட்டுவேன், இவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். "இந்த வயசுல எல்லாருக்கும் இப்படித்தான்" என்பது அக்காவின் தீர்ப்பு.

மகள் என் போனில் தேதி குறிக்கும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். பழைய தேதிகளின் சராசரியை வைத்து அடுத்ததைக் கணிப்பதுதான் அதன் வேலை. மெனோபாஸை, அதாவது மாதவிலக்கு அடியோடு நிற்பதை, நெருங்கும்போது சினைமுட்டை வெளிவருவதே தாறுமாறாகிவிடுவதால் கணிப்பு எடுபடவே இல்லை. தள்ளிப்போகும் போதெல்லாம் 'கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள்' என்று அறிவிப்பு வரும். மகள் அதைச் சத்தமாகப் படிக்க, வீடே சிரிக்கும். (சிரித்தாலும் அது சொன்னதில் தப்பில்லை. முழுதாக நிற்கும்வரை கரு தங்கலாம்.)

அறிவிப்புகளை அணைத்துவிட்டேன். தேதி, எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போனதா, ராத்திரி வியர்த்ததா, இவ்வளவுதான் பதிவேன். சொந்தப் பெயரும் கொடுக்கவில்லை. பயனாளர்களின் உடல்நல விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக ஃப்ளோ என்ற மாதவிலக்குச் செயலிமேல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2021-இல் நடவடிக்கை எடுத்ததைப் படித்திருக்கிறேன்.

அடுத்து, போனிலேயே டாக்டரிடம் பேச அரசு நடத்தும் இ-சஞ்சீவனி. மொபைல் எண், ஓடிபி, டோக்கன், கொஞ்சம் காத்திருப்பு. வீடியோவில் டாக்டரம்மா வந்தார். ஸ்மார்ட் வாட்ச் காட்டிய ராத்திரி நேர நாடித்துடிப்பை ஆர்வமாகச் சொன்னேன். அவர் கண்டுகொள்ளவே இல்லை. ரத்தப்போக்குக் கணக்கை மட்டும் வாசிக்கச் சொன்னார். "பத்து நாளா? எத்தனை மாசமா இப்படி?" என்றவர், ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லி, ஸ்கேனும் எழுதி, நேரில் மகளிர் மருத்துவரிடம் போகச் சொன்னார். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு மெனோபாஸா என்று தெரிந்துகொள்ளப் பொதுவாக ஹார்மோன் டெஸ்ட் தேவையில்லையாம். லேபில் எடுக்கச் சொன்ன ஹார்மோன் டெஸ்ட் 'பேக்கேஜ்' செலவு அதோடு மிச்சம்.

ஹீமோகுளோபின் 8.4. படபடப்பும் மாடியேறினால் வாங்கும் மூச்சும் பாதி ரத்தசோகையால் வந்தவை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்னதாக ஒரு நார்க்கட்டி தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் ரத்தப்போக்குக்கு மாத்திரையும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

12 மாதம் தொடர்ந்து வராமலிருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. அதற்குப் பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே வந்து காட்டச் சொல்லியிருக்கிறார் மகளிர் மருத்துவர். அந்த எண்ணிக்கைக்காகத்தான் செயலியை அழிக்காமல் வைத்திருக்கிறேன். போன வாரம் மறுபடி வந்துவிட்டது. ஒன்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.