குடும்ப டிரஸ்டும் பிப்ரவரி மாதமும்

இங்கே டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டில் பெரியவர் போய்விட்டால், கருமாதி முடிவதற்குள் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "வாரிசுக்கு இந்த நாட்டில் வரி கிடையாது." பாதி சரிதான். தென்னாப்பிரிக்காவில் சொத்து கைக்கு வந்ததற்காகப் பிள்ளை வருமான வரி கட்ட வேண்டாம். எஸ்டேட் டியூட்டி என்ற வரியை இறந்தவரின் எஸ்டேட்தான், அதாவது அவர் விட்டுப்போன சொத்துத் தொகுப்புதான், கட்டும். 35 லட்சம் ரேண்ட் கழித்து மிஞ்சுவதற்கு 20 சதவீதம், 3 கோடிக்கு மேல் 25. ஆனால் சொத்து குடும்ப டிரஸ்டில், அதாவது டிரஸ்டிகள் என்ற பொறுப்பாளர்கள் குடும்பத்துக்காகச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டில், இருந்தால் கணக்கே வேறு. போன வருஷம் மாமா, அதாவது என் வீட்டுக்காரரின் அப்பா, காலமானதிலிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாமாவின் அப்பா டர்பனின் கேட்டோ மேனரில் வீடு கட்டி வாழ்ந்தவர். இனவாரியாக வசிப்பிடத்தைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் அதைப் பிடுங்கிக்கொண்டு குடும்பத்தைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியது. அதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, சொத்து ஓர் ஆளை நம்பி நிற்கக் கூடாது என்பது மனதில் ஊறிப்போயிருந்தது. டர்பனுக்குப் பக்கத்து ஊரான வெருலத்தில் வாங்கிய கடைக் கட்டடத்தை டிரஸ்டுக்கு விற்றார். பணம் கைமாறவில்லை, டிரஸ்ட் அவருக்குக் கடன்பட்டிருப்பதாக எழுதிக்கொண்டார்கள். அந்த நாளில் பலரும் செய்ததுதான். கட்டடம் அவர் எஸ்டேட்டில் வராது, ஆனால் அந்தக் கடன் பாக்கி வரும். 2017 மார்ச்சிலிருந்து, இப்படிப்பட்ட கடனில் விட்டுக்கொடுத்த வட்டியை வருஷா வருஷம் நன்கொடையாகவும் கணக்கிடுகிறார்கள். பழைய டிரஸ்ட் வைத்திருப்பவர்கள் கடன் கணக்கை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இப்போது வாடகைக்கு வருகிறேன். டிரஸ்ட் வருமானத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் முதல் ரேண்டிலிருந்தே 45 சதவீதம் வரி. அதே வருமானத்தை அதே வரி ஆண்டுக்குள் (மார்ச் முதல் பிப்ரவரி வரை) குடும்பத்தில் ஒருவருக்கு உரியதென்று ஆக்கிவிட்டால், வரி அவருடைய விகிதத்தில்தான். செலவு போக 1,60,000 ரேண்ட் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரஸ்டில் நின்றால் 72,000 ரேண்ட் வரித்துறையான சார்ஸுக்குப் போகும். என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, 78 வயது, வேறு வருமானம் இல்லை. 2026 பிப்ரவரியில் முடிந்த ஆண்டுக்கு, 75 வயது நிரம்பியவருக்கு 1,65,689 ரேண்ட் வரை வரியே இல்லை. ஆக, அந்த வாடகை முழுவதையும் அத்தைக்கு உரியதாக்கினால் வரி எதுவும் வராது. ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. சட்டமே இப்படித்தான் வைத்திருக்கிறது.

இதற்கெல்லாம் ஆதாரம் ஒரு தாள். பிப்ரவரி கடைசி நாளுக்குள் டிரஸ்டிகள் கூடித் தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மார்ச்சில் எழுதிப் பழைய தேதி போடுவது பொய்க்கணக்கு, அதைச் செய்யாதீர்கள். மாமாவின் மினிட் புக்கில், அதாவது கூட்டத் தீர்மானங்களை எழுதிவைக்கும் நோட்டில், வருஷம் தவறாமல் பிப்ரவரிப் பக்கம் இருக்கிறது: யாருக்கு எவ்வளவு, எதற்காக, கீழே மூன்று கையெழுத்து.

அந்த மூன்றில் ஒன்று அவருடையது என்பதுதான் எங்களுக்கு வந்த சிக்கல். டிரஸ்ட் பத்திரப்படி மூன்று டிரஸ்டிகள் இருந்தாக வேண்டும். இரண்டு பேராகக் குறைந்துவிட்டால் டிரஸ்டின் பெயரில் எந்த முடிவும் செல்லாது. நாத்தனாரை மூன்றாவது ஆளாகச் சேர்த்தோம். டிரஸ்டுகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகமான மாஸ்டர் ஆபீஸிலிருந்து அதிகாரக் கடிதம் வரும்வரை அவரும் கையெழுத்துப் போடக் கூடாது. ஆகவே, வீட்டில் சாவு நடந்தால் துக்கத்தோடு துக்கமாக அந்த விண்ணப்பத்தை உடனே போட்டுவிடுங்கள். கடிதம் வருவதற்குள் பிப்ரவரி முடிந்துவிட்டால், 45 சதவீதத்திலிருந்து தப்ப வழியில்லை.

ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கும் கொழுந்தனாருக்கும் ஒரு பங்கு தரலாமே என்று பேச்சு வந்தது. நியாயமான பேச்சுதான். ஆனால் 2024 மார்ச்சில் தொடங்கிய ஆண்டிலிருந்து, வரிக் கணக்கில் இந்த நாட்டுவாசியாக இல்லாதவருக்குக் கொடுக்கும் வருமானத்துக்கு வரி டிரஸ்டின் தலையில்தான், 45 சதவீதமே. டர்பனில் பல குடும்பங்களின் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இந்த மாற்றத்தை எத்தனை பேர் கவனித்தார்களோ! போனில் விவரத்தைச் சொன்னதும் அவர், "அண்ணி, முழுசும் அம்மாவுக்கே போகட்டும்" என்றார்.

கட்டடத்தை விற்பது பற்றி இப்போதைக்குப் பேச்சில்லை. விற்று வரும் லாபம் டிரஸ்டில் நின்றால் 36 சதவீதம் வரி, தனி ஆளுக்கு அதிகபட்சம் 18. அத்தை இருக்கும்வரை விற்பதில்லை என்றும் தீர்மானத்தில் எழுதிவிட்டோம்.