மூன்றாம் நாள் பொருந்திய ஜாக்கெட்

முதல் ஸ்கூபா டைவ் முடிந்து கடல்மட்டத்துக்கு வந்ததும், மிதவை ஜாக்கெட்டில் காற்று நிரப்பும் இன்ஃப்ளேட்டர் பொத்தானை அழுத்தினேன். ஜாக்கெட் உப்பியது. ஆனால் நான் மேலே வரவில்லை, ஜாக்கெட் மட்டும் மேலே ஏறியது. தோள்பட்டைகள் காதை இடித்தன. நெஞ்சு வார் தாடைக்கு வந்துவிட்டது. சிலிண்டரின் வால்வு பின்மண்டையில் தட்டியது. அலை வரும்போதெல்லாம் வாய் தண்ணீருக்குள் போய் வந்தது. மூன்று கை தூரத்தில் தம்பி, அதே மாடல், அதே அளவு ஜாக்கெட்டில் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி மிதந்துகொண்டிருந்தான்.

"என்னக்கா, காத்து பத்தலையா?"

"காத்து இருக்குடா. ஜாக்கெட்தான் என் உடம்புல இல்ல."

நான்கு நாள் படகுப் பயணம் அது. ஒரு நாளைக்கு இரண்டு டைவ், மொத்தம் எட்டு. ஸ்கூபா பயிற்சி முடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சொந்தமாக எதுவும் வாங்கும் முன் படகில் இருக்கும் கருவிகளையே வாடகைக்கு எடுத்துப் பார்ப்போம், கடைசி நாளில் முடிவு செய்வோம் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். பயிற்சி எடுத்த நீச்சல்குளத்திலும் எனக்குப் பெரிய ஜாக்கெட்தான் கொடுத்தார்கள். கேட்டபோது இறுக்கிக் கட்டினால் போதும் என்றார்கள். அலையில்லாத குளத்தில் அது போதுமாகவே தெரிந்தது. கடலுக்கு வந்த பிறகுதான் என் குழப்பத்தில் பாதிக்கு அந்த ஜாக்கெட்தான் காரணம் என்று புரிந்தது.

டைவ் செய்யாதவர்களுக்காகச் சிறு விளக்கம். பிசிடி என்று எல்லோரும் சொல்லும் இந்த ஜாக்கெட்டுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கும். சிலிண்டரிலிருந்து வரும் குழாய் வழியாக அதில் காற்றை நிரப்பலாம், வால்வு வழியாக வெளியே விடலாம். 1961இல் மொரீஸ் ஃபென்ஸி என்ற பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த மிதவை கழுத்தில் மாட்டி நெஞ்சில் தொங்கும் வகை. கையில்லாச் சட்டை போல் அணியும் ஜாக்கெட்டை 1971இல் ஸ்கூபாப்ரோ நிறுவனம் அறிமுகப்படுத்தியது. இப்போது பெரும்பாலும் மூன்று வகை கிடைக்கிறது: காற்று விலாவைச் சுற்றி நிற்கும் ஜாக்கெட், காற்று முதுகுப்பக்கம் மட்டும் போகும் ஜாக்கெட், உலோகத் தகட்டில் ஒரே நீள வார் கோத்துப் பின்னால் காற்றுப்பை மாட்டிய விங்.

அன்று சாயங்காலம் எங்களை வழிநடத்திய டைவ் மாஸ்டர் என்னைப் படகின் மேல்தளத்துக்குக் கூப்பிட்டார். ஜாக்கெட்டை மாட்டச் சொல்லி, பின்னால் நின்று சிலிண்டர் கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கினார். ஜாக்கெட் ஒரு சாண் ஏறியது, நான் நின்ற இடத்திலேயே நின்றேன். "உங்க உயரத்தப் பாத்து மீடியம் குடுத்திருக்காங்க. ஜாக்கெட்டுக்கு உயரம் முக்கியமில்ல, முதுகு நீளம்தான் முக்கியம்" என்றார். கழுத்தின் அடியில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளந்தார். எனக்குக் கால் நீளம், முதுகு குட்டை. அந்த மீடியத்தில் வயிற்றுப் பட்டை இடுப்பெலும்புக்கும் கீழே போய் நின்றது. இடுப்பு மேலே போகப்போகக் குறுகும் அல்லவா, அதனால் எவ்வளவு இறுக்கினாலும் பட்டை மேலே வழுக்கிக்கொண்டே இருந்தது. காற்றுப்பை மேலே இழுக்கும், உடம்பு கீழே தொங்கும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியது அந்தப் பட்டைதான்.

இரண்டாம் நாள் ஸ்மால். அதை மாட்டும்போது அவர் சொன்ன முறையை அப்படியே எழுதிவிடுகிறேன், எனக்கு அவ்வளவு உதவியது. டைவுக்கு உடுத்தப்போகும் வெட்சூட்டை, அதாவது உடம்பை ஒட்டி நிற்கும் ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும், மெல்லிய சட்டைமேல் பார்த்து ஏமாறக் கூடாது. எல்லா வார்களையும் முழுதாகத் தளர்த்திவிட்டு முதலில் வயிற்றுப் பட்டை, அப்புறம் நெஞ்சு வார், கடைசியாகத் தோள் வார். இறுக்கிய பிறகும் வார் இழுக்க இன்னும் சில அங்குலம் மிச்சம் இருக்க வேண்டும், கடைசிவரை இழுத்தாயிற்று என்றால் ஜாக்கெட் பெரிது. அடுத்து, பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து உஸ்ஸென்று காற்று வெளியேறும்வரை பையை நிரப்பி, அந்த நிலையில் ஆழமாகப் பத்து மூச்சு. கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு இன்ஃப்ளேட்டர், வலது தோள் வால்வின் கயிறு, இடுப்புக்குப் பின்னால் உள்ள வால்வின் கயிறு, அமிழ்வதற்கான ஈயம் வைக்கும் வெயிட் பையின் பிடி ஒவ்வொன்றையும் கையால் தேடிப் பிடிக்க வேண்டும். வெயிட் பை ஒரே இழுப்பில் கழன்று வர வேண்டும், ஆனால் குதிக்கும்போது தானாக விழக் கூடாது.

பத்து மூச்சில்தான் ஸ்மால் தோற்றது. தோளும் இடுப்பும் கச்சிதம். ஆனால் பை நிரம்பியதும் விலாவை இரண்டு பக்கமும் அமுக்கியது, நான்காவது மூச்சு பாதியிலேயே நின்றது. இருந்தாலும் பெரிதைவிட இது மேல் என்று அதையே போட்டுக்கொண்டு இறங்கினேன்.

12 மீட்டரில் மணல்தரை. ஒரு சின்னக் குழியின் வாசலில் விரல் நீள கோபி மீன் ஒன்று காவல் நின்றது. அதோடு ஒரே வளையில் வாழும் இறால் உள்ளேயிருந்து மணலைத் தள்ளிக்கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போகும். அந்த இறாலுக்குக் கண்பார்வை மட்டு. அதனால் வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையை மீன்மேல் வைத்துக்கொள்ளும். மீன் வாலை உதறினால் இரண்டும் உள்ளே ஓடிவிடும். நான் கிட்டே போனதும் கால் தானாகக் கீழே சரிந்தது. காலில் மாட்டிய துடுப்பு மணலில் பட்டு ஒரு புகைமூட்டமே எழுந்தது. அடங்கிப் பார்த்தபோது வாசல் காலி.

கால் ஏன் சரிந்தது? இடுப்புப் பைகளில் 8 கிலோ ஈயம் வைத்திருந்தேன், குளத்தில் எழுதிக் கொடுத்த கணக்கு. டைவ் முடிவில் சிலிண்டரில் 50 பார் (பார் என்பது காற்றழுத்த அளவு) மிச்சம் இருக்கும்போது ஒரு சோதனை செய்தோம். பையிலுள்ள காற்றையெல்லாம் விட்டுவிட்டு, சாதாரண மூச்சு ஒன்றை இழுத்து நிறுத்தி அசையாமல் இருக்க வேண்டும். எடை சரியாக இருந்தால் தண்ணீர் கண்மட்டத்தில் நிற்கும், மூச்சை விட்டதும் மெல்ல அமிழ்வோம். நான் மூச்சு பிடித்தபடியே மடமடவென்று இறங்கினேன். ஒரு கிலோ எடுத்து மறுபடி பார்த்தோம், இன்னொரு கிலோ எடுத்து மறுபடி. 6 கிலோவில் தண்ணீர் கண்ணாடியின் நடுவில் வந்து நின்றது.

இந்த 2 கிலோவை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அதைச் சமன் செய்யவே பைக்குள் ஏறக்குறைய 2 லிட்டர் காற்றை எப்போதும் சுமந்துகொண்டிருந்தேன். அந்தக் காற்று சும்மா இருக்காது, 10 மீட்டரிலிருந்து மேலே வருவதற்குள் இரு மடங்காகும். ஏறும்போது நான் தடுமாறியதெல்லாம் அந்தக் காற்றால்தான். உண்மையில் பிசிடிக்கு நீருக்கடியில் இருக்கும் வேலை கொஞ்சம்தான். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அளவு காற்று நிரப்பினால் அந்தக் காற்றின் எடை சுமார் 2.7 கிலோ. நாம் சுவாசிக்கச் சுவாசிக்க அதில் பெரும்பகுதி குறைந்துகொண்டே வரும். இன்னொரு பக்கம், ஆழம் போகப்போக வெட்சூட் நசுங்கி மிதக்கும் சக்தியை இழக்கும். இந்த இரண்டையும் ஈடுகட்டி, மேலே வந்ததும் தலையைத் தண்ணீருக்கு வெளியே பிடித்தால் போதும். புதிதாக வாங்குபவர்கள் பெரிய பை பாதுகாப்பு என்று தேடிப் போக வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். பெரிய பைக்குள் காற்று அங்குமிங்கும் உருளும், நம்மையும் உருட்டும்.

மூன்றாம் நாள் டைவ் மாஸ்டர் தன் பழைய விங்கை எனக்குத் தந்தார். துருப்பிடிக்காத எஃகுத் தகடு, அதுவே இரண்டரை கிலோவுக்குக் கிட்ட. இரண்டு அங்குல அகல வார் ஒன்று தோளில் ஏறி இடுப்பில் முடிகிறது, கால்களுக்கு இடையில் ஒரு வார் வந்து இடுப்புக் கொக்கியில் கோக்கிறது. மெத்தை இல்லை, வளையங்களைத் தவிர வேறெதுவும் இல்லை. பார்ப்பதற்குக் கரடுமுரடாக இருந்ததால் தயங்கினேன். அளவு சரிசெய்யவே அரைமணி நேரம் ஆனது: வாரை உருவி, கோத்து, மாட்டி, கழற்றி, மறுபடி. தோள் வாருக்கு அடியில் உள்ளங்கை தடையில்லாமல் நுழைய வேண்டும், கையைப் பின்னால் கொண்டுபோய் வால்வைத் தொட முடிய வேண்டும் என்றார். சிலிண்டரைப் பிடிக்கும் பட்டையை நனைத்த பிறகே இறுக்கச் சொன்னார். நைலான் நனைந்தால் இளகும், உலர்ந்தபடி இறுக்கினால் தண்ணீருக்குள் சிலிண்டர் நழுவும். முதல் நாள் என் மண்டையில் வால்வு தட்டியதற்கு அதுவும் ஒரு காரணமாம்.

தகட்டின் எடையால் இடுப்பிலிருந்து இன்னும் 2 கிலோவைக் கழற்ற முடிந்தது. இடுப்பில் தொங்கிய பாரம் முதுகில் பரவியதால் உடம்பு தானாகப் படுத்த நிலைக்கு வந்தது. அதே மணல்தரை, அதே குழி. ஒரு முழம் மேலே நின்றேன். மூச்சை இழுத்தால் மெல்ல ஏறுகிறேன், விட்டால் மெல்ல இறங்குகிறேன், பொத்தானைத் தொடவே இல்லை. கோபி என்னைப் பார்த்தது, ஓடவில்லை. இறால் தன் இரண்டு இடுக்கிகளையும் முன்னால் வைத்து, மண்வாரி இயந்திரம் போல ஒரு குவியல் மணலைத் தள்ளி வந்தது. வெள்ளை மீசை மீனின் வாலருகே படிந்திருந்தது. எத்தனை நடை வந்து போனது என்று எண்ணினேன். பதினொன்று. பன்னிரண்டாவது வருவதற்குள் தம்பி துடுப்பைப் பிடித்து இழுத்து நேரம் ஆனதைக் காட்டினான்.

விங்குக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. மேலே வந்ததும் பையை முழுதாக நிரப்பினால் முகத்தைத் தண்ணீரை நோக்கித் தள்ளும். பாதி நிரப்பிக் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டால் சரியாகிவிடுகிறது. தம்பிக்கு அது பிடிக்கவில்லை. நிமிர்ந்து மிதப்பதுதான் அவனுக்கு நிம்மதி, அவனுடைய நீள முதுகுக்கு அந்த மீடியம் தைத்து வைத்த மாதிரி இருக்கிறது. அவன் ஜாக்கெட்டே வாங்கப் போகிறான், அவனுக்கு அதுதான் சரி. நான் விங், ஆனால் அலுமினியத் தகடு. எஃகில் பாதிக்கும் குறைவான எடை, பயணப் பைக்கு நல்லது. குறைகிற எடைக்கு ஈயக்கட்டிகளைச் சிலிண்டர் பட்டையில் கோத்துக்கொள்வேன்.

நான்காம் நாள் கடைசி டைவ் முடிந்ததும் விங்கைக் கழுவி ஒப்படைத்தேன். இன்ஃப்ளேட்டர் வாய் வழியாக நல்ல தண்ணீரைப் பைக்குள் ஊற்றி, குலுக்கி, கீழ் வால்வு வழியாக வடித்து, கொஞ்சம் காற்று ஊதி நிழலில் தொங்கவிட்டேன். அதற்கு முன் தம்பி அளவுநாடாவின் ஒரு முனையைத் தகட்டின் மேல் துளையில் பிடித்துக்கொள்ள, தோள் வளையம் எத்தனை அங்குலத்தில் இருக்கிறது, இடுப்பு வளையம் எத்தனையில், கால் வார் எவ்வளவு நீளம் என்று வலது, இடது இரண்டையும் அளந்து என் டைவ் பதிவேட்டில் எழுதிக்கொண்டேன்.