நெட் வில்லியம்சனின் 49

சிகாகோவில் மிலேனியம் பார்க்குக்குப் பக்கத்தில்தான் எனக்கு வேலை. போன வாரம் மதியச் சாப்பாடு முடிந்ததும், ராண்டால்ஃப் தெருப் பக்கமிருந்து தெற்கே காலடி எண்ணிக்கொண்டே நடந்தேன். எண்பதில் நின்றேன். என் கணக்குக்கு அது 200 அடி. அங்கிருந்து கூப்பிட்டால் இங்கே கேட்கும், அவ்வளவுதான் தூரம்.

1883-ல் இங்கேதான் லேக் ஃப்ரன்ட் பார்க் பேஸ்பால் மைதானம் இருந்தது. இன்றைய கப்ஸ் அணி அப்போது ஒயிட் ஸ்டாக்கிங்ஸ். பந்தை அடிப்பவர் நிற்கும் இடத்திலிருந்து இடது ஓரத்து வேலியும் சரி, வலது ஓரத்து வேலியும் சரி, 200 அடிக்குள்ளேயே. அதனால் அங்கே தனி விதி: வேலியைத் தாண்டினாலும் ஹோம் ரன் (ஓடித் தொட வேண்டிய நாலு பேஸையும் ஒரே அடியில் சுற்றி வருவது) கிடையாது, டபுள்தான். அடித்தவர் இரண்டாவது பேஸில் நின்றுகொள்ள வேண்டும்.

அந்த வருடம் இந்த அணியின் நெட் வில்லியம்சன் 49 டபுள் அடித்து லீக்கில் முதலிடம் பிடித்தார். ஹோம் ரன் வெறும் 2. மறுவருடம் விதியை மாற்றினார்கள், வேலி தாண்டினால் ஹோம் ரன். டபுள் 18-க்கு இறங்கியது, ஹோம் ரன் 27-க்கு ஏறியது. அதில் 25 இதே மைதானத்தில். மொத்த அணியின் ஹோம் ரன்களே 13 ஆக இருந்தது 142 ஆனது! 1919-ல் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் பேப் ரூத் ஒரே வருடத்தில் 29 அடிக்கும்வரை அந்த 27-ஐ யாரும் தாண்டவில்லை.

குட்டை மைதானத்துச் சாதனை என்று அந்த 27-ஐத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்பதில்லை. முந்தின வருடம் அதே வேலியைத் தாண்டிய பந்துகளுக்குப் பாதிப் பலன்தானே அவருக்குக் கிடைத்தது? அதை யாரும் பேசுவதில்லை.

ஒரே வருடத்தில் அடித்த டபுளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய ஆள் யார் என்றால் எட் டெலஹன்டிதான். 1899-ல் பிலடெல்ஃபியாவுக்காக 55. 1887-ல் செயின்ட் லூயிஸின் டிப் ஓ'நீல் அடித்த 52 அதற்கடுத்து. ஆனாலும் என் மனம் போவது வில்லியம்சனிடம்.

அதற்குக் காரணம் உண்டு. நான் பிறந்தது கொழும்பில். அமெரிக்க பேஸ்பால் வீரர்கள் உலகம் சுற்றி வந்தபோது, 1889 ஜனவரியில் கொழும்பிலும் இறங்கி ஒரு ஆட்டம் ஆடினார்கள். அந்தப் பயணக் குழுவில் வில்லியம்சன் இருந்தார். அப்புறம் மார்ச்சில் பாரிஸில் சரளைக்கல் தரையில் முழங்கால் கிழிந்தது. பழைய ஆட்டம் திரும்பவே இல்லை. 1894-ல் இறந்தபோது வயது 36.