சாயம் பக்கத்துச் செல்லுக்கும் போய்விட்டது

கடல் முள்ளெலிக் கருவில் எந்தச் செல் எதுவாக வளர்கிறது என்று சாயமேற்றிப் பின்தொடரும் வேலை ஒருவழியாக முடிந்தது. முட்டை எடுத்ததில் சிக்கலே இல்லை. அதற்கப்புறம்தான் மூன்று வாரம் வீணாய்ப் போனது.

முதல் அடி, முட்டை உறையில். விந்து சேர்ந்த சில நிமிடங்களில் உறை எழும்பி இறுகிவிடும். இறுகாமலிருக்க பாரா அமினோ பென்சாயிக் அமிலம் கலந்த கடல்நீரிலேயே கருவுற வைக்க வேண்டும். பிறகு ஊற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சுமார் 0.1 மில்லிமீட்டர் முட்டைதான், ஆனால் ஊசி முனை ஒடிந்ததே தவிர உள்ளே போகவில்லை. அன்றைய முட்டை மொத்தமும் போச்சு.

டெக்ஸ்ட்ரான் (நீண்ட சர்க்கரைச் சங்கிலி) கோத்த, பச்சையாக ஒளிரும் சாயத்தை மையவிலக்கியில் சுற்றி, மேலே தெளிந்ததை மட்டும் ஊசியில் ஏற்றுங்கள். இல்லையென்றால் அடைத்துக்கொண்டே இருக்கும்.

என்னை நிஜமாக ஏமாற்றியது வேறு. 16 செல் நிலையில் அடிப்புறம் மைக்ரோமியர்கள் என்னும் 4 குட்டிச் செல்கள் பிரிந்து நிற்கும். லார்வாவின் எலும்புக் கம்பிகளைக் கட்டும் செல்கள் இவற்றின் வாரிசுகள். பிரிந்த கையோடு ஒன்றில் சாயம் ஏற்றினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கம்பியைச் சுற்றிப் பச்சை, குடல் சுவரிலும் பச்சை! மைக்ரோமியர் குடலையும் ஆக்குகிறது என்றே நம்பி நோட்டில் எழுதிவிட்டேன்.

மறுமுறை, ஏற்றிய உடனே விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பக்கத்துப் பெரிய செல்லும் மின்னியது. பிளவு முடிந்ததுபோலத் தெரிந்தாலும் உடன்பிறந்த செல்களுக்கு நடுவே மெல்லிய சைட்டோபிளாச (செல்லின் உள்கூழ்) பாலம் கொஞ்ச நேரம் இருக்கும். சாயம் அதன் வழியே போய்விடுகிறது. அவசரப்படாதீர்கள். ரொம்பக் காத்திருந்தாலும் செல் மறுபடி பிளந்துவிடும். ஏற்றியதும் ஒரு நொடி பாருங்கள், இரண்டு மின்னினால் தயங்காமல் ஒதுக்குங்கள். வெளிச்சம் நீண்டால் கரு செத்துவிடும்.

இன்னொன்று: எலும்பு கட்டும் செல்கள் பிற்பாடு ஒன்றோடொன்று இணைந்துவிடும், சாயம் எல்லாவற்றிலும் பரவும். அதனால் ஒரு மைக்ரோமியருக்கு எத்தனை வாரிசு என்று அந்த நிலையில் எண்ணக் கூடாது. நான் எண்ணியிருந்தேன், அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.

கடைசியாகத் தேறியவை ஆறு கருக்கள். ஆறிலும் கம்பிகளைச் சுற்றிப் பச்சை. உணவுக்குழாயை ஒட்டிய உடற்குழிப் பைகளில் சில பொட்டுகள், அவை சிறு மைக்ரோமியர்களின் (மைக்ரோமியர் அடுத்துப் பிளக்கும்போது பிரியும் இன்னும் சின்னச் செல்கள்) வாரிசுகள், இருக்க வேண்டியவைதான். குடல் சுவர் சுத்தமாக இருட்டு.